தோண்டினால் புழு இல்லை: காய்கறித் தோட்டத்து மண்ணுக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

எங்கள் வீடு கடலூரில் தேவனாம்பட்டினம் போகும் வழியில் இருக்கிறது. பின்பக்கம் நான்கு சென்ட் இடம். முதல் மூன்று வருஷம் கத்தரி, வெண்டை, கீரை என்று எதை வைத்தாலும் ஒரு சாண் வளர்ந்து அப்படியே நின்றுவிடும். உரக்கடையில் சொன்னதையெல்லாம் வாங்கிப் போட்டேன். ஒருநாள் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து பெரியம்மா வந்திருந்தார். பாத்தியில் நாலு கொத்து கொத்திப் பார்த்துவிட்டு, "ஏன்டா, இதுல ஒரு நாங்கூழு கூட இல்லியே. உசுரில்லாத மண்ணுல எதுடா வெளையும்?" என்றார். நாங்கூழ் என்றால் மண்புழு. அன்றிலிருந்து உரக்கடைக்குப் போவதைக் குறைத்து மண்ணைத் தோண்டிப் பார்க்க ஆரம்பித்தேன்.

அப்படித் தோண்டிக் கற்றுக்கொண்டதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் தோட்டத்தில் என்ன தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு குழி தோண்டிவிடுங்கள்.

முதல் வேலை: ஒரு அடிக் குழி

ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம். எடுத்த மண்ணைச் சாக்கின் மேல் கொட்டிக் கையால் உதிர்த்துக்கொண்டே புழுக்களை எண்ணுங்கள். பத்துக்கு மேல் இருந்தால் மண் நல்ல நிலையில் இருக்கிறது. மூன்று நான்கு இருந்தால் உயிர் இருக்கிறது, தீனி போதவில்லை. ஒன்றும் இல்லையென்றால் கீழே படியுங்கள்.

எப்போது எண்ணுகிறோம் என்பது முக்கியம். அக்னி நட்சத்திரத்தில் தோண்டிவிட்டு "புழுவே இல்லை" என்று சொல்லக் கூடாது. கோடையில் நம் ஊர் மண்புழுக்கள் ஆழத்துக்கு இறங்கி, உடம்பைச் சுருட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை நன்றாக இறங்கியபின், கார்த்திகையிலிருந்து தை வரைக்கும், காலை வேளையில் எண்ணினால்தான் கணக்கு சரியாக வரும்.

எண்ணும்போது அரிசியை விடச் சின்னதாக, எலுமிச்சம்பழ வடிவில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மணிகள் கண்ணில் பட்டால் தூக்கி எறியாதீர்கள். அவை மண்புழுவின் முட்டைக்கூடுகள். புழு கண்ணில் படாவிட்டாலும் இந்தக் கூடு இருந்தால் மண் பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

இன்னொன்று. மண்வெட்டியில் வெட்டுப்பட்டால் ஒரு புழு இரண்டாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆகாது. வெட்டு வாலோரமாகப் பட்டிருந்தால் தலைப்பாதி பிழைக்கலாம். வால் துண்டு செத்துப்போகும். பல் வைத்த கொத்து கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள்.

அறிகுறி: மண் பார்க்க நன்றாக இருக்கிறது, புழு மட்டும் இல்லை

பெரும்பாலான வீட்டுத் தோட்டங்களில் இதுதான் நிலைமை. உடனே எல்லோரும் செய்வது ஒரு கிலோ மண்புழு வாங்கிவந்து பாத்தியில் விடுவது. நானும் செய்தேன். பத்து நாள் கழித்துத் தோண்டினால் ஒன்றுகூட இல்லை. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் மேல் தப்பில்லை. கடையில் விற்பவை பெரும்பாலும் யூட்ரிலஸ் யூஜினியே என்ற ஆப்பிரிக்கப் புழுவும், ஐசீனியா ஃபெட்டிடா என்ற சிவப்புப் புழுவும்தான். இரண்டும் மட்கும் குப்பையில் மேலாக வாழ்பவை. சாணமும் இலையும் நிறைந்த தொட்டியில் வேகமாகப் பெருகும். வெறும் மண்ணில் விட்டால் அவற்றுக்குச் சாப்பாடு கிடையாது. ஒன்று ஓடிவிடும், இல்லை செத்துவிடும்.

தோட்டத்து மண்ணுக்கு வேண்டியது மண்ணைத் தின்று, வளை தோண்டி மேலும் கீழும் போய்வரும் உள்ளூர்ப் புழு. தமிழ்நாட்டில் பரவலாக இருப்பது லாம்பிட்டோ மவுரிட்டி. கொல்லைப்புறத்தில், வாய்க்கால் ஓரத்தில், வாழையடியில் மழைக்குப் பிறகு குருணை குருணையாக எச்சம் தள்ளியிருக்கிறதே, அது பெரும்பாலும் இதன் வேலை. எருக்குழியில் நீலம் கலந்த பளபளப்போடு, தொட்டால் துள்ளி நெளியும் ஒன்று இருக்கும். அது பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ், அதுவும் நம் ஊர் இனம்தான். துள்ளுவதைப் பார்த்துப் பாம்புக்குட்டி என்று பயந்து அடித்தவர்களை எனக்குத் தெரியும். சென்னையைச் சேர்ந்த மண் உயிரியலாளர் சுல்தான் இஸ்மாயில் இந்த இரண்டு உள்ளூர் இனங்களையும் சேர்த்துப் பயன்படுத்தச் சொல்லிப் பல ஆண்டுகளாக வலியுறுத்திவருபவர்.

இவற்றை வாங்க வேண்டியதில்லை. அநேகமாக உங்கள் வேலியோரத்திலேயே இருக்கின்றன. பாத்திக்குள் வர அவற்றுக்கு மூன்று விஷயம் வேண்டும்: தீனி, ஈரம், நிழல். மூன்றையும் ஒரே வேலையில் கொடுப்பது மூடாக்கு, அதாவது மண்ணை இலை தழையால் போர்த்துவது. மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, ஈரமான தோல் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. வெயில் நேராகப் படும் மொட்டைப் பாத்தியில் தோல் காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். நாம் என்னவோ சுத்தமாக இருக்கட்டும் என்று பாத்தியைப் பெருக்கி, சருகைக் கூட்டிக் கொளுத்துகிறோம். நான் மூன்று வருஷம் கொளுத்தியது அவற்றின் சோற்றைத்தான்.

செய்முறை இதுதான். மாலையில் பாத்தியை நன்றாக நனையுங்கள். ஒரு கை கனத்துக்கு மட்கிய எருவைப் பரப்புங்கள். அதன்மேல் நான்கு விரற்கடை உயரத்துக்குக் காய்ந்த இலை, வைக்கோல், கரும்புத் தோகை, மல்லாட்டை (நிலக்கடலை) தோல் என்று கிடைப்பதைப் போடுங்கள். நெல்லிக்குப்பம் பக்கம் இருந்தால் தோகைக்குப் பஞ்சமில்லை, பண்ருட்டிப் பக்கம் முந்திரிச் சருகும் மல்லாட்டைத் தோலும். செடியின் தண்டைச் சுற்றி ஒரு விரல் அளவு இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுகும். வேலியோரத்தில் புழு இருக்கும் இடத்திலிருந்து இரண்டு கூடை மண்ணை அப்படியே வெட்டி எடுத்து, அந்தி நேரத்தில் மூடாக்குக்கு அடியில் வையுங்கள். புழுவை மட்டும் பொறுக்கிப் போடாதீர்கள். அதன் மண்ணோடு, முட்டைக்கூடுகளோடு வர வேண்டும். எங்கள் பாத்தியில் முதல் எச்சக் குருணை கண்ணில் பட ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது. அதற்கு முன்னால் பொறுமை இழந்து கிளறிவிடாதீர்கள்.

வேருக்கு என்று குருணை மருந்து போடும் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்த வேண்டும். அந்த மருந்துகளில் பலவும் பூச்சியோடு மண்புழுவையும் கொல்லும். யூரியாவை ஒரே இடத்தில் குவியலாகப் போட்டால் அங்கே கிளம்பும் அம்மோனியாவையும் புழு தாங்காது. ஒவ்வொரு பட்டத்துக்கும் (பயிர்ப் பருவத்துக்கும்) பாத்தியைத் தலைகீழாக வெட்டிப் புரட்டுவதையும் விட்டுவிடுங்கள். கட்டிய வளைகள் எல்லாம் இடிந்துபோகும். நாற்று வைக்கும் இடத்தில் மட்டும் கொத்தினால் போதும்.

அறிகுறி: பாத்தி மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, இலை நுனி கருகுகிறது

கடற்கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. போர் தண்ணீரை ஒரு வாய் வைத்துப் பாருங்கள். கரித்தால் வெள்ளைக்குக் காரணம் அதுதான். மண்ணில் உப்பு ஏறினால் புழுவின் ஈரத் தோலிலிருந்து தண்ணீர் வெளியே இழுக்கப்படும். அதனால் புழு அந்தப் பக்கமே வராது.

இங்கே நாங்கள் செய்த தவறு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தது. மேலாகத் தெளித்த தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மட்டும் தங்கும். தினமும் தெளித்தால் தினமும் ஒரு படலம். அதற்குப் பதிலாக மூன்று நாளைக்கு ஒரு தரம் ஆழமாக நனையும்படி விடுங்கள். மணற்பாங்கான நிலத்தில் உப்பு சுலபமாகக் கீழே இறங்கிவிடும். மூடாக்கு இங்கே இரண்டு மடங்கு உதவி: மேலே ஆவியாவது குறைந்தால் உப்பு மேலேறுவதும் குறையும்.

உப்புக்கு மழைத் தண்ணீரை மிஞ்சிய மருந்து இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் இந்தக் கரையோரம் முழுவதும் கடல்நீர் ஏறியது. அடுத்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட மிக அதிகமாகப் பெய்ததுதான் நிலங்களிலிருந்து உப்பு இறங்கப் பெரிய உதவியாக இருந்தது. அதை நினைத்து மொட்டைமாடிக் குழாயை நேராகத் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை முழுவதும் பாத்தி வழியாகத்தான் போகிறது. தை மாதம் தோண்டினால் வித்தியாசம் தெரியும்.

உப்பு குறையும்வரை பீன்ஸ் வகைகளை வைக்க வேண்டாம், அதுதான் முதலில் படுக்கும். கொத்தவரையும் பீட்ரூட்டும் ஓரளவு தாங்கும். நாங்கள் கொத்தவரையில்தான் தொடங்கினோம்.

அறிகுறி: மழை விட்டதும் புழுக்கள் மேலே வந்து செத்துக் கிடக்கின்றன

மழையில் வெளியே வரும் புழு எல்லாம் ஆபத்தில் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஈரமான தரையில் ஊர்ந்து இடம் மாறுவது அவற்றுக்குச் சுலபம், அதற்காகவும் வரும். விடிந்ததும் சிமெண்ட் தரையில் வெயிலில் மாட்டிக்கொண்டவைதான் காய்ந்து சாகின்றன. அவற்றைக் கையால் எடுத்து நிழலில், ஈர மண்ணில் விட்டுவிடுங்கள். நான் காலைக் காபிக்கு முன் இந்த வேலையைச் செய்துவிடுவேன்.

பாத்திக்குள்ளேயே செத்துக் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். தண்ணீர் தேங்கி மண்ணில் காற்று தீர்ந்துவிட்டது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது அங்கே ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதற்கடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தது. எங்கள் தோட்டத்தில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. வடிந்தபின் மண்ணை எடுத்து முகர்ந்தால் அழுகிய முட்டை வாசனை. நல்ல மண்ணுக்குப் புதுமழை வாசம்தான் வரும்; இந்த நாற்றம் வந்தால் உள்ளே காற்றில்லை.

அந்த நேரத்தில் என்ன செய்யக் கூடாது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஈரமாக இருக்கும் பாத்தியில் கால் வைக்காதீர்கள், ஒரு மிதி போதும் மண் இறுகிவிடும். வெட்டிப் புரட்டாதீர்கள். செடி வாடுகிறதே என்று உரம் போடாதீர்கள், வேரே மூச்சு விட முடியாமல் இருக்கிறது. ஓரத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடியவிடுங்கள். நடைபாதையில் நின்றபடியே கடப்பாரையால் பாத்தியில் ஒரு அடிக்கு ஒரு துளை குத்துங்கள். நாற்றம் போனபின் மெல்லிய மூடாக்கு போடலாம். அடுத்த மழைக்காலத்துக்கு முன் பாத்தியை முக்கால் அடியாவது உயர்த்திவிடுங்கள். புயல் இந்தக் கரைக்குப் புதிதில்லை. 2011 டிசம்பரில் 'தானே' புயல், 2024இல் ஃபெஞ்சல். மேட்டுப்பாத்தி இல்லாமல் இங்கே தோட்டம் போடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

அறிகுறி: மண் கல்லாகக் காய்கிறது, தண்ணீர் உள்ளே இறங்க மறுக்கிறது

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. பிரித்தறிய ஒரு கண்ணாடி டம்ளர் போதும். மழைத் தண்ணீரை நிரப்பி, காய்ந்த மண்கட்டி ஒன்றை, சுண்டைக்காய் அளவில், மெதுவாகப் போடுங்கள். அசைக்காமல் சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். போர் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு முடிவை மாற்றிவிடும்.

கட்டி உதிர்ந்து விழுந்தும் தண்ணீர் தெளிவாக இருந்தால் அது வெறும் பசி. மட்கு இல்லாத செம்மண்ணில், பண்ருட்டி, ஆரோவில் பக்கமெல்லாம், மழை விழுந்து காய்ந்ததும் மேலே ஓடு கட்டுவது இதனால்தான். மூடாக்கும் எருவும் போட்டு, முதல் அறிகுறிக்குச் சொன்னதைச் செய்தால் போதும். புழு வந்தபின் அதன் வளைகள் வழியாகவே தண்ணீர் இறங்கும்.

கட்டியைச் சுற்றித் தண்ணீர் பால்போலக் கலங்கி, மறுநாளும் தெளியாமல் இருந்தால் களர் மண். களிமண்ணில் சோடியம் ஏறியிருக்கிறது. பாகூர், காட்டுமன்னார்கோயில் போன்ற வண்டல் பகுதிகளில் தோட்டம் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையை அவசியம் செய்து பார்க்கலாம். களருக்கு ஜிப்சம் போடுவார்கள். ஆனால் எவ்வளவு என்று மண்ணைச் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும், பக்கத்து வீட்டுக் கணக்கு உதவாது. தோட்டத்தில் ஐந்தாறு இடத்தில் அரை அடி ஆழத்துக்கு ஆங்கில வி எழுத்துபோலக் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரிலிருந்து மண்ணைச் சீவி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து நிழலில் உலர்த்தி, அரை கிலோ எடுத்துப் போங்கள். எங்கே கொடுப்பது, முடிவை எப்படிப் படிப்பது என்று கடலூர்க்காரர்கள் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்திலும், புதுச்சேரிக்காரர்கள் குரும்பாபேட் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்கலாம்.

அறிகுறி: இயற்கை உரம் போட்டபின்தான் செடி மஞ்சளானது

என்ன போட்டீர்கள்? மட்காத தென்னை நார்க்கழிவு, மரத்தூள், சவுக்குச் சருகு இவற்றை மண்ணுக்குள் கலந்திருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. இவற்றில் கரி (கார்பன்) அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு. பச்சை நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 100 பங்குக்கு மேல் கரி இருக்கும். அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், செடிக்கு மிஞ்சாது. மண்ணோடு கலக்காமல் மேலே போர்த்தினால் இந்தச் சிக்கல் வராது. கலந்துவிட்டவர்கள் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து, நீர்த்து, பத்து நாளைக்கு ஒரு தரம் ஊற்றுங்கள். கொஞ்ச நாளில் பச்சை திரும்பும்.

கடலூருக்கே உரிய இன்னொரு காரணம் மீன் கழிவு. செதிலும் குடலும் செடிக்கு நல்லது என்று வேரடியில் புதைக்கிறோம். பச்சையாகப் புதைத்தால் அழுகும்போது சூடும் அம்மோனியாவும் கிளம்பி வேரும் புழுவும் இரண்டும் வெந்துபோகும், போதாததற்கு நாய் வந்து பாத்தியையே தோண்டிவிடும். மீனுக்குச் சம எடை வெல்லம் சேர்த்து மூடிவைத்து, ஒரு மாதம் கழித்து வடிகட்டி, நன்றாக நீர்த்து ஊற்றுவதுதான் சரி. கருவாடு கழுவிய தண்ணீரைத் தோட்டத்துப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அது முழுக்க உப்பு.

அறிகுறி: ஏதோ புழு இருக்கிறது, நல்லதா கெட்டதா தெரியவில்லை

எருவுக்குள் வெள்ளையாக, கொழுத்து, ஆங்கில சி எழுத்துபோல வளைந்து கிடந்தால் அது மண்புழு இல்லை, வண்டின் புழு. தென்னைக்கு எமனான காண்டாமிருக வண்டு எருக்குழியில்தான் முட்டையிடும். பக்கத்தில் தென்னை இருந்தால் பொறுக்கி எடுத்துக் கோழிக்குப் போடுங்கள்.

வெண்டை, தக்காளி, கத்தரி பகலில் துவண்டு, பிடுங்கினால் வேரில் மணிமணியாக முடிச்சு இருந்தால் அது நூற்புழு. கண்ணுக்கே தெரியாது. மண்புழு வேரைக் கடித்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். மண்புழுவுக்குப் பல்லே கிடையாது, அது உயிருள்ள வேரைத் தின்பதும் இல்லை. அந்த இடத்தில் ஒரு பட்டம் துலுக்கச் சாமந்தி வையுங்கள், வேப்பம் புண்ணாக்கும் போடுங்கள்.

மூடாக்குக்கு அடியில் கறையான் புற்று வைத்தால் மூடாக்கு காய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். நனையுங்கள்.

அறிகுறி: உரத் தொட்டியிலிருந்து புழுக்கள் வெளியே ஓடுகின்றன

கையை உள்ளே விட்டுப் பாருங்கள். சுட்டால் பச்சைச் சாணம் போட்டிருக்கிறீர்கள். சாணத்தையும் இலையையும் கலந்து, 15 முதல் 20 நாள் வரை வெளியே மட்கவிட்டு, சூடு தணிந்தபின்தான் தொட்டிக்குள் போட வேண்டும். பண்ருட்டிப் பலாச் சீசனில் சக்கையையும் தோலையும் மொத்தமாகக் கொட்டினாலும் இதே சூடு கிளம்பும், புளித்த வாடையும் வரும். நறுக்கி, காய்ந்த இலையோடு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

சூடு இல்லையென்றால் ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் ஈரம் சரி. ஒழுகினால் தண்ணீரை நிறுத்திவிட்டுக் காய்ந்த சருகைக் கலந்துவிடுங்கள். சொட்டே வராவிட்டால் தெளியுங்கள். சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகைக்குக் கீழே தொட்டி இருந்தால் மேலே தென்னங்கீற்று போட்டு, ஈரச் சாக்கால் மூடுங்கள்.

எறும்பு வந்தால் தொட்டியைச் செங்கல் மேல் தூக்கிவைத்து, ஒவ்வொரு செங்கலையும் தண்ணீர் நிரம்பிய தட்டில் நிறுத்துங்கள். பொடி தூவாதீர்கள், எறும்புக்கு வைத்த மருந்து புழுவுக்கும் போய்ச் சேரும். தட்டில் தண்ணீர் வற்றாமல் தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று நாளைக்கு ஒரு தரம் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.